கல்லோயா அணையும் நமது எழுத்தும்

நமது நாட்டில் அணைக்கட்டுகளைப் பற்றிய பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் இரண்டு மொழிகளிலேயே நிகழ்கின்றன. தமிழும் சிங்களமும் என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது. ஒன்று புகழ்மொழி, மற்றது முறைப்பாட்டு மொழி. புகழ்மொழி, அணையை ஒரு தலைவனின் கொடையாகக் காண்கிறது. முறைப்பாட்டு மொழி, அதனை ஓர் இனத்தின் கையிலிருந்து மற்றோர் இனம் பறித்துக்கொண்ட சொத்தாகக் காண்கிறது. ஒன்று விழா மேடையில் ஒலிக்கிறது. மற்றது தேர்தல் மேடையில் ஒலிக்கிறது. தொனியில் எவ்வளவு வேறுபட்டாலும் இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. அணையினால் வாழ்ந்த மனிதனையும் அணையினால் வீழ்ந்த மனிதனையும் ஒரே பார்வையில் வைத்து நோக்கும் துணிவு இரண்டுக்குமே இல்லை. இக்குறையை, கல்லோயாத் திட்டத்தின் கடைமடையில் வாழும் அம்பாறைக் கரையோரத்து மக்களாகிய நாம் பிறரைக் காட்டிலும் நன்கு உணர வேண்டியவர்கள்.

அணைகளே வேண்டாம் என்று வாதாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்படி வாதாடுவதற்கு, ஒன்றில் வெள்ளத்தையும் வரட்சியையும் அறியாத நகரவாசியாக இருத்தல் வேண்டும். அல்லது சோற்றின் விலையை அறியாத செல்வனாக இருத்தல் வேண்டும். பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறந்து, 108 கிலோமீற்றர் ஓடிக் கல்முனைக்குத் தெற்கே கடலில் கலக்கும் இந்த ஆறு, வாடைக்காற்று மழையில் கரையுடைத்துப் பாய்ந்து, பயிரையும் பட்டியையும் வாரிக்கொண்டு போவதும், கோடையில் மணற்படுக்கையாய்க் கிடப்பதுமாய் இருந்தது. பழைய குளங்கள் இல்லாமற் போகவில்லை. இறக்காமம் போன்ற குளங்கள் 1850களில் ஆளுநர் வார்ட்டின் காலத்தில் திருத்தப்பட்டன. ஆனால் வானத்தை நம்பி முன்மாரி விதைப்பு விதைத்துவிட்டு மேகத்தைப் பார்த்திருக்கும் வாழ்வு முற்றாக மாறிவிடவில்லை.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தினால் அமைக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே இங்கினியாகலையில் வேலை தொடங்கிற்று. ஏறக்குறைய 3,600 அடி நீளமான அணை எழுந்தது. அதன் பின்னால் தேங்கிய நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி என்பர். 770,000 ஏக்கர் நிலத்தை ஓர் அடி ஆழத்துக்கு மூடக்கூடிய நீர் என்பது இதன் பொருள். இலங்கையில் இதனிலும் பெரிய நீர்த்தேக்கம் இன்றுவரை இல்லை. வெள்ளம் பெருமளவு அடங்கிற்று. சிறுபோகம் என்பது கனவாக இருந்த வட்டைகளில் இரண்டு போகம் விளைந்தது. அணையடியில் ஏறத்தாழ 11 மெகாவாட் மின்சாரம் பிறந்தது. திட்டத்தின் நீரைப் பெறும் கொண்டவட்டுவான் குளத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்ட குடிநீர் குழாய் வழியாகக் கரையோரத்து வீடுகளுக்கும் வருகிறது. அணையைக் கண்டித்துப் பேசுபவரும் தொண்டை வரண்டால் அந்த நீரையே குடிக்கிறார். இந்த உண்மைகளை மறைத்துவிட்டுச் செய்யப்படும் விமரிசனம் விமரிசனமாகாது.

ஆயினும் நன்மையை ஏற்றுக்கொள்வது வேறு. நன்மையைப் பாடும் முறையை ஏற்றுக்கொள்வது வேறு.

நீர்த்தேக்கத்தைப் பாடுவதில் நமது மொழிக்கு நீண்ட பழக்கம் உண்டு. புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை அமைக்கும் கடமையை எடுத்துரைக்கிறார். உணவென்பது நிலமும் நீரும் சேர்ந்தது என்ற அடிப்படை உண்மையை அவ்வளவு தெளிவாகக் கண்ட புலவரை உலக இலக்கியத்திலும் எளிதிற் காண முடியாது. ஆனால் அந்த அறிவுரையை அரசனின் காதில் ஏற்றுவதற்கு அவர் புகழ் என்ற தேனையும் குழைக்க வேண்டியிருந்தது. நீரைத் தேக்கினால் உன் பெயர் நிலைக்கும் என்று சொல்ல வேண்டியிருந்தது. நீரோடு ஆள்வோனின் பெயரைப் பிணைக்கும் வழக்கம் அன்றே வேரூன்றிவிட்டது.

பட்டினப்பாலையில் இன்னொரு செய்தி இருக்கிறது. கரிகாலன் குளங்களைத் தோண்டி வளம் பெருக்கியதைச் சொல்லவந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், அதற்குமுன் அவன் காட்டை நாடாக்கியதைச் சொல்கிறார். அங்கே, காட்டைத் திருத்தினான் என்றோ வெட்டினான் என்றோ சொல்லவில்லை. கொல்லுதல் என்ற வினையையே ஆள்கிறார். வகுப்பறையில் இவ்வடியைக் கற்பிக்கும் போதெல்லாம் அச்சொல்லில் நான் சற்றுத் தயங்கி நிற்பதுண்டு. உரை சொல்வோர் 'அழித்து' என்று பொருள் கூறி அதனைக் கடந்து போய்விடுகின்றனர். புலவர் அச்சொல்லைக் கண்டனமாகச் சொன்னார் என்று வாதிடுவது பொருந்தாது. அவர் புகழவே சொன்னார். ஆனால் கொலை என்பதைக் கொலை என்று பெயர் சொல்லிப் புகழும் நேர்மை அவரிடம் இருந்தது. மருதம் தோன்றுவதற்கு முல்லையும் குறிஞ்சியும் சாகவேண்டும் என்பதை அவர் மூடி மறைக்கவில்லை.

சிங்கள மக்களின் மரபில் இதனிலும் ஆழமான ஒரு கதை உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் காலவாவியைக் கட்டிய தாதுசேனன், அணைக்கட்டு வேலை நடக்கும் இடத்தில் தியானத்தில் ஆழ்ந்திருந்த பிக்கு ஒருவரை எழுப்ப முடியாமற் போகவே, அவர் தலைமேல் மண்ணைக் கொட்டுவித்தான் என்று சூளவம்சம் கூறுகிறது. பின்னாளில் அவன் தன் மகனால் சுவரோடு சேர்த்துப் பூசப்பட்டுக் கொல்லப்பட்டதை அச்செயலின் பலன் என்றும் அந்நூல் முடிச்சுப் போடுகிறது. மன்னர்களைப் புகழ்வதற்கென்றே எழுந்த ஒரு நூல், நாட்டின் பெருமைக்குரிய வாவியின் அணைக்குள் புதைந்த ஒரே ஒரு மனிதனை மறக்க மறுத்திருக்கிறது! அதுமட்டுமன்றி, அந்த மரணத்துக்கு மன்னனையே பொறுப்பாளியாக்கியிருக்கிறது. கருமபலன் என்ற விளக்கத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. கணக்கைத் தீர்க்கவேண்டும் என்ற அந்த உணர்வு நமக்குப் போதும்.

இருபதாம் நூற்றாண்டின் புகழ்மொழி இந்த நேர்மையையும் இந்த உணர்வையும் கைவிட்டுவிட்டது. பராக்கிரமபாகுவின் பெயரால் வழங்கும் உறுதிமொழியை, அதாவது மழைநீர் மக்களுக்குப் பயன்படாமற் கடலைச் சேரலாகாது என்ற கருத்தை, மேடைகள் தோறும் முழங்கிற்று. ஐக்கிய அமெரிக்காவில் 1933இல் தோன்றிய டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் காட்டிற்று. ஹூவர் அணையைக் கட்டிய கம்பனிகளுள் ஒன்றாகிய மொறிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனியே இங்கும் கட்டிற்று. 1952இல் முதலாவது பிரதமர் டி. எஸ். செனநாயக்க காலமானார், நீர்த்தேக்கம் செனநாயக்க சமுத்திரம் என்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரம் இருக்க, இங்கே இன்னொரு சமுத்திரம். மன்னர் போய் மந்திரி வந்தார், மெய்க்கீர்த்தி போகவில்லை.

பெயர்களைச் சற்றுக் கவனிப்போம். மொழி ஆசிரியனுக்குப் பெயர்களே முதற் சான்று. கரையோரத்துத் தமிழ் பேசும் மக்கள் இந்த ஆற்றைப் பட்டிப்பளை ஆறு என்று அழைத்தனர். திட்டம் வந்தபின் கல்லோயா என்ற சிங்களப் பெயரே ஏடுகளில் நிலைத்தது. நாமும் இன்று அதையே சொல்கிறோம், இக்கட்டுரையின் தலைப்பும் அதற்கு விலக்கன்று. எங்களூரின் பெயர் அட்டாளைச்சேனை. அட்டாளை என்பது காவற்பரண். காட்டை வெட்டிச் சேனை செய்தவன் யானைக்கும் பன்றிக்கும் காவலாகப் பரண் கட்டிக் கண்விழித்திருந்த உழைப்பு அந்தப் பெயரில் உறைந்து கிடக்கிறது. திட்டம் உருவாக்கிய ஊர்களுக்கோ பெயர் வைக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. நாவிதன்வெளிப் பக்கத்தில் 4ஆம் கொலனி, 7ஆம் கொலனி, 12ஆம் கொலனி என்று எண்களே இன்றும் ஊர்ப்பெயர்களாய் வழங்குகின்றன. அறுபது எழுபது ஆண்டுகளாக மனிதர் பிறந்தும் மணந்தும் மடிந்தும் வரும் ஓர் ஊர், வரைபடத்தில் பொறியியலாளன் இட்ட இலக்கத்தையே சுமந்து கொண்டிருக்கிறது. தேங்கிய நீருக்குத் தலைவனின் பெயர். அந்நீரில் விளைவித்தவனின் ஊருக்கு ஓர் இலக்கம். இந்தப் பெயரிடும் முறையிலேயே திட்டத்தின் சமூக தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பேன்.

இனி, பெயரும் இலக்கமும் இன்றியே மறைந்துபோனவர்களைப் பற்றிப் பேசவேண்டும்.

செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட 'வேடர்' என்ற ஆங்கில நூலில் ஹெனபெத்த, தனிகல என்ற பெயர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. இவை கல்லோயாப் பள்ளத்தாக்கை அண்டிய வேடர் குழுக்களின் இடங்கள். குகைகளும் தேன்பாறைகளும் வேட்டைக்காடுகளும் குடும்பங்களுக்கிடையே பங்கிடப்பட்டு, எல்லை வகுக்கப்பட்டிருந்ததை அந்நூல் விரிவாக விளக்குகிறது. இதனை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஏனெனில், திட்டத்தின் புகழ்மொழி அப்பிரதேசத்தை 'ஆளில்லாக் காடு' என்றே எப்போதும் வருணித்து வந்திருக்கிறது. ஆள் இருந்தான், அவனுக்குக் காணி எல்லையும் இருந்தது, உறுதி மாத்திரமே இல்லை. கச்சேரி அறியாத காணிக்கு உரிமையாளன் இல்லை என்ற காலனித்துவச் சட்டத்தின் கண், சுதந்திரம் பெற்ற பின்னும் மாறவில்லை.

நீர் ஏறிற்று. ஏறத்தாழ 30 சதுர மைல் நிலம் மூழ்கிற்று. வேட்டைக்காடுகளின் பெரும்பகுதி அடியிற் போயிற்று. எஞ்சிய காட்டின் கதி என்ன? 1954இல் கல்லோயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கு வேட்டை குற்றமாயிற்று. நீர் விட்டுவைத்ததைச் சட்டம் பூட்டிக்கொண்டது. வன விலங்குகளையும் நீர்த்தேக்கத்தின் மேற்பகுதிக் காட்டையும் காப்பது அவசியமானதே. மலையில் மரம் இல்லாவிடில் குளத்தில் மண்ணே சேரும். ஆனால் அந்த அவசியத்தின் விலையைத் தலைமுறை தலைமுறையாக அக்காட்டைக் காத்து வந்தவனிடமே வசூலித்ததை எவ்வாறு நியாயப்படுத்துவது? வேடர் பலர் குடியேற்றங்களில் அமர்த்தப்பட்டனர், மண்வெட்டி கொடுக்கப்பட்டனர், சில பத்தாண்டுகளுக்குள் அயலாரோடு கலந்து தம் பேச்சையும் இழக்கலாயினர். இரத்துகல என்ற கிராமத்தில் எஞ்சியுள்ளோரைக் காண இன்று உல்லாசப் பயணிகள் அழைத்துச் செல்லப்படுகின்றனர். விந்தை என்னவெனில், தனிகல வேடர் வெள்ளைக்காரப் பிரயாணிகளுக்குக் காட்சிப் பொருளாக்கப்பட்டு, 'ஆதிமனித'னாக நடிப்பதையே ஒரு தொழிலாக்கிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்ததை செலிக்மன் அன்றே குறித்திருக்கிறார். நூறாண்டு கடந்தும் சமுதாயம் அவர்களுக்கு வழங்கிய வேலை மாறவில்லை.

குடியேறியவர்களைப் பற்றி எழுதும்போது நமது பேனா வேறுவிதமாகத் தடுமாறுகிறது. நமது கரையோரத்துப் பேச்சில் 'குடியேற்றவாசி' என்ற சொல்லே ஒரு வசையாகிவிட்டது. ஆனால் யார் அவன்? கேகாலையிலிருந்தும் கண்டிப் பிரதேசங்களிலிருந்தும் வந்த காணியற்ற விவசாயி. ஏன் அவன் காணியற்றவனானான்? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம் மலைநாட்டின் சேனை நிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அரசின் சொத்தாக்கிக் கோப்பித் துரைமாருக்கு விற்றது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. கிராமத்தின் கழுத்தைத் தோட்டம் நெரித்தது. சுதந்திர இலங்கையின் ஆளும் வர்க்கத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தோட்டக் காணிகளைத் தொடுவது. மற்றது, நெருக்கப்பட்ட விவசாயியைத் தூரத்துக்கு அனுப்புவது. முதலாவதைச் செய்ய 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாவது உடனே நடந்தது. கல்லோயா அணை, மலைநாட்டில் எழ வேண்டிய காணிப் போராட்டத்துக்குக் கிழக்கில் கட்டப்பட்ட அணையுமாகும்.

1940களின் பிற்பகுதியில் டி.டி.டி. மருந்து தெளித்து மலேரியாவை அடக்கியிராவிட்டால் அக்காட்டில் எவரும் நிலைத்திருக்க முடியாது. அதன் பின்னரும் யானையும் தனிமையும் கடனும் இருந்தன. ஒரு கொலனிக்குச் சுமார் 150 குடும்பங்கள். முதலில் வந்தவர்களுக்கு 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டு நிலமும் கிடைத்தன. விற்கவும் துண்டாடவும் கூடாதென்ற நிபந்தனையோடு பெற்ற அந்தக் காணிக்கு வாரிசு ஒருவனே. மற்றப் பிள்ளைகள் மீண்டும் காணியற்றவர்கள். இரண்டாம் தலைமுறையில், தகப்பன் விட்டு வந்த பிரச்சினை மகன் வீட்டு வாசலில் வந்து நின்றது.

எனினும் இவ்விவசாயியின் துன்பத்தைச் சொல்வது, அவனைக் கருவியாக்கிச் செய்யப்பட்ட அநீதியை மறைப்பதாகிவிடக் கூடாது. தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த மாகாணத்தின் இனப்பரம்பலை மாற்றும் அரசியல் இத்திட்டத்தோடு சேர்ந்தே ஓடிற்று. 1956 ஜூன் மாதத்தில், தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த வேளையில், கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் வேட்டையாடப்பட்டனர். கொல்லப்பட்டோர் தொகை 150 வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. சுதந்திர இலங்கை தமிழருக்கு எதிராகக் கண்ட முதலாவது பெரும் வன்செயல் அது. வேலைத்தளத்துக்கென வந்த வாகனங்களும் புல்டோசர்களும் வெடிமருந்தும் அந்நாட்களில் வன்முறையாளரின் கைக்குப் போயின. மண்ணைப் பெயர்க்கக் கொண்டுவந்த இயந்திரம் மனிதரைப் பெயர்க்கப் பயன்பட்டது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. திட்டத்தின் நகரமே மாவட்டத்தின் தலைநகராயிற்று. கல்முனையும் அக்கரைப்பற்றும் அலுவலுக்காக மேற்கே பயணம் செய்யப் பழகிக்கொண்டன.

இந்த அநீதிகளே முறைப்பாட்டு மொழியின் பிறப்பிடம். அது நியாயமான பிறப்பு. காணி இழந்ததாகக் கரையோர விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். தலைமடையில் நீர் தளும்ப, கடைமடையில் வரம்பு வெடித்துக் கிடந்த ஆண்டுகளை மறப்பதற்கில்லை. ஆயினும் இம்மொழியையும் விமரிசனத்துக்கு உட்படுத்தாமல் விடுவது நேர்மையாகாது. நமது தலைவர்கள் ஏக்கரை எண்ணுகின்றனர். எந்த இனத்துக்கு எத்தனை ஏக்கர் என்று எண்ணுகின்றனர். எந்த வர்க்கத்துக்கு எத்தனை ஏக்கர் என்று எண்ணுவதில்லை. முறைப்பாட்டுப் பட்டியலில் வேடனுக்கு ஓர் ஏக்கரும் இல்லை. நமது வட்டைகளிற் கூலிக்கு வேலை செய்தவனுக்கும் இல்லை.

கரையோரத்தில் அணைக்கு முன்பே ஒரு சமூக அமைப்பு இருந்தது. மேலே போடியார், அவருக்குக் கீழே வயலைப் பார்க்கும் முல்லைக்காரன், அவனுக்குக் கீழே நாட்கூலிகள். நீரைப் பங்கிட வட்டைவிதானை. அணையின் நீர் இந்த அமைப்பைக் கரைத்துவிடவில்லை, இதற்குள்ளேதான் பாய்ந்தது. இரண்டு போகம் விளைந்தபோது போடியாரின் களஞ்சியம் இருமடங்காயிற்று. கூலிக்காரனுக்கு வேலைநாட்கள் கூடின என்பது உண்மை. அவனுடைய காணி கூடவில்லை, ஏனெனில் இரண்டாற் பெருக்குவதற்கு அவனிடம் காணியே இருக்கவில்லை. 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்கு ஓரளவு பாதுகாப்பளிக்க முயன்றது. ஆனால் சொந்தப் பெயரில் வயல் செய்விக்கும் பெரும் காணிக்காரனின் கீழ் உழைக்கும் கூலிக்கு அது எதனைக் கொடுத்தது? களவெட்டியில் சூடு மிதித்த கால்களுக்குப் பதிலாக அறுவடை இயந்திரம் வந்துவிட்ட இந்நாளில், அந்தக் கூலிக்காரனின் பேரன் மத்திய கிழக்கில் வேறொருவனுக்குக் கட்டடம் கட்டுகிறான். இதனை முறைப்பாட்டு மொழி பேசாது. பேசினால், மேடையில் முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களின் முகம் கறுத்துவிடும்.

கடைமடையைப் பற்றிய ஓர் அனுபவம் மேலும் ஆராயத்தக்கது. இடதுகரைக் கால்வாய்ப் பிரதேசத்தில் தலைமடையிற் சிங்கள விவசாயிகளும் கடைமடையிற் பெரும்பாலும் தமிழ் விவசாயிகளும் இருந்தனர். நீர்த் தகராறு இனத் தகராறாக மாற இதனைவிட வாய்ப்பான அமைப்பு வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவியோடு கால்வாய்கள் திருத்தப்பட்டபோது, விவசாய ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வாய்க்கால் தோறும் விவசாயிகளை அமைப்பாக்கும் முயற்சியில் இறங்கின. 1981இல் நீர்த்தேக்கத்தில் ஏறக்குறைய கால்பங்கு நீரே இருந்தது. அந்த ஆண்டில்தான், தலைமடை விவசாயிகள் தம் மடைகளை முறை வைத்து அடைத்து, மிச்சப்பட்ட நீரைக் கீழே விட்டனர். இதனை நேரிற் கண்ட நோர்மன் அப்ஹொஃப் என்ற அறிஞர் 1992இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். நிதி கொடுத்தவரின் உள்நோக்கத்தை ஐயுறுவது நமது வழக்கம். அந்த ஐயத்தை நான் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் முப்பதாண்டுகளாகப் பொறியியலாளனும் அரசியல்வாதியும் செய்யாததை, ஒருவரையொருவர் அறிந்துகொண்ட உழவர்கள் ஒரு போகத்தில் செய்தனர். இது ஓர் அமெரிக்கப் பேராசிரியரின் ஆங்கில நூலில் இருக்கிறது. நமது சிறுகதை ஒன்றில் இருந்திருக்க வேண்டியது.

அரசாங்கமே திட்டத்தின் வரவு செலவைப் பார்த்ததும் உண்டு. கேம்பிரிட்ஜ் புவியியலறிஞர் பி. எச். ஃபாமர் தலைமையிலான மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை 1970இல் வெளிவந்தது. போட்ட பணத்துக்கு ஈடான பயன் கிடைக்கவில்லை என்பதே அதன் கணக்கு. விழா மேடைகளில் அவ்வறிக்கையை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. ஆனால் பணத்தை எண்ணும் கணக்குப் புத்தகத்திலும் தனிகலையின் தேன்பாறைக்கு வரிசை இல்லை. எந்த விலைக்கு அதனைப் பதிவது?

இந்நிலை நமக்கு மாத்திரம் உரியதன்று. உலக அணைகள் ஆணைக்குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உலகெங்கும் பெரிய அணைகளால் இடம்பெயர்ந்தோர் 4 கோடி முதல் 8 கோடி வரை இருக்கலாமென்றது. இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள அந்த 4 கோடி பேர்தான் நெஞ்சை உறுத்துவது. அவர்கள் இருந்தார்களா இல்லையா என்பதே அரசுகளின் ஏடுகளில் தெளிவில்லை. முதலாளித்துவ நாடுகளின் குற்றமே இது என்று ஒதுக்கிவிடவும் நமக்கு வழியில்லை. சோவியத் உதவியோடு எழுந்த அஸ்வான் உயர் அணை எகிப்தின் சுயமரியாதைக்குச் சின்னமாயிற்று. 1963–64இல் ஏறத்தாழ 50,000 எகிப்திய நூபியர் அதற்காகத் தம் ஊர்களை விட்டு ஏற்றிச் செல்லப்பட்டனர். அணைகளைப் புதிய இந்தியாவின் கோயில்கள் என்று போற்றிய நேருவே, 1958இல் பொறியியலாளர்கள் மத்தியிற் பேசும்போது, எதனையும் பிரமாண்டமாகச் செய்துகாட்டத் துடிப்பதை ஒரு நோய் என்று எச்சரித்தார். முன்னைய பேச்சே பாடப்புத்தகங்களுக்கு ஏறிற்று. பின்னையது ஏடுகளில் உறங்குகிறது.

பாடப்புத்தகம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மாணவர்களுக்குச் செனநாயக்க சமுத்திரத்தைக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்துப் பாருங்கள். நீளம், கொள்ளளவு, திறந்து வைத்தவர், நீரில் நீந்தும் யானைகள் எல்லாம் வரும். அந்தப் பிள்ளையின் உம்மம்மா எந்த வாய்க்கால் நீரில் நாற்று நட்டாள் என்பது வராது. பிள்ளையின் குறையன்று, கட்டுரை என்றால் இப்படித்தான் என்று நாம் பயிற்றியிருக்கிறோம். புகழ்மொழி முதலிற் பழகும் இடம் நமது கரும்பலகையே.

இனி இலக்கியத்துக்கு வருவோம். வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. அதன் நீரில் மூழ்கிய ஊர்களின் கதையை வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்ற நாவலாக்கினார். அது 2003ஆம் ஆண்டின் சாகித்திய அக்கடமிப் பரிசைப் பெற்றது. அதன் உணர்ச்சிப் பெருக்கைப் பற்றி எனக்குக் கருத்து வேறுபாடுகள் உண்டு. பேயத்தேவர் என்ற கிழவரின் துயரம் சில இடங்களில் ஆசிரியரின் சொல்லலங்காரத்துக்குள் மூழ்குகிறது. ஆயினும் அரை நூற்றாண்டு கழிந்த பின்னராவது, ஓர் அணையின் விலையை மூழ்கியவனின் பக்கத்திலிருந்து அந்நாவல் கேட்டது. ஒரு வகையில் அதன் ஆசிரியருடைய பணி எளிது. அங்கே மூழ்கியவனும் எழுதுபவனும் ஒரே மண், ஒரே பேச்சு. நமது நிலை அதுவன்று. இங்கே மூழ்கியவன் வேடன், குடியேறியவன் சிங்கள விவசாயி, அடிபட்டவன் தமிழன், கடைமடையில் நிற்பவன் தமிழனும் முஸ்லிமும், கூலியோ எல்லா மொழியிலும் கூலி. இவர்களுள் ஒருவனுக்காக அழுதுவிட்டு முடித்துக்கொள்ளும் நாவல் பாதி நாவலே.

அத்தகைய எழுத்துக்கு வேண்டிய மூலப்பொருள் நம்மிடம் இல்லாமல் இல்லை. வட்டைகளிலும் அடுக்களைகளிலும் பிறந்த நாட்டுக்கவி, போடியாரையும் முல்லைக்காரனையும் எழுத்தாளர்களுக்கு முன்பே பாடிவிட்டது. 1949இல் இருபது வயதில் அணைக்கு மண் சுமந்தவர் எவரேனும் இன்று உயிரோடிருந்தால் தொண்ணூற்றைந்தைத் தாண்டியிருப்பார். அவருடைய பிள்ளைகளாவது இருக்கின்றனர். ஒலுவிலிற் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிழக்கெங்கும் ஆசிரியர்களை அனுப்பிய கலாசாலை அட்டாளைச்சேனையிலேயே இருந்தது. விடுமுறையில் நான்கு மாணவர் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு 7ஆம் கொலனிக்கும் ஹிங்குராணைக்கும் இரத்துகலைக்கும் போய் வருவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சிங்களம் தெரிந்த ஒருவர் கூடப் போவது நல்லது. நம்மில் அது தெரிந்தோர் தொகை குறைந்து வருவதும் இக்கதையின் ஒரு பகுதியே.

நாவலை எங்கே தொடங்குவது என்பதை எழுதுபவர் தீர்மானித்துக்கொள்ளட்டும். களியோடைப் பாலத்தில் நின்று, வந்து சேராத நீரைப் பார்த்திருக்கும் ஒருவனிலிருந்து தொடங்கலாம். கேகாலையிலிருந்து புறப்படும் லொறியொன்றின் பின்தட்டில் தொடங்கலாம். தனிகலையில், கீழே பள்ளத்தாக்கில் நீர் ஏறுவதைக் கண்டு அது வழக்கமான மாரிவெள்ளம், வடிந்துவிடும் என்று நினைத்திருக்கக்கூடிய ஒரு வேடுவப் பெண்ணிடமிருந்து தொடங்கினால் மிக நன்று. இதற்குள் சிங்கள எழுத்தாளர் ஒருவர் அதனை எழுதி முடித்துவிட்டால் அதையும் நாம் மொழிபெயர்த்து வாசிப்போம்.